சிவப்புப் பெட்டி

பழைய கம்ப்யூட்டரைக் குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பாக இருக்கும், ஐயா. தெரிந்த வேலையைக் கொடுத்தால் அது ஒழுங்காகச் செய்யும்.

திருத்தணி அடிவாரத்து நர்சிங் ஹோமில் இருந்தது பென்டியம் டூ ப்ராசசர் போட்ட பழைய கம்ப்யூட்டர். ஐந்து வருஷம் அதைப் பார்த்துக்கொண்டவன் நான். சாப்பிடும்போது டாக்டர் கூப்பிட்டாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். 2004இல் என் மைத்துனன் சுதாகர் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டான். நோயாளிக்கு ஆகாத மருந்தை எழுதினால் திரையில் சிவப்புப் பெட்டி வரும்படி ஒரு புரோகிராமும் எழுதினான். டாக்டர் என்னைக் கூப்பிடுவதை விட்டார். அப்பாடா என்று இருந்திருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமையும் அது ஓடப்போகும் ப்ராசசருக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்து தயாரிக்க வேண்டும். கிழட்டு மெஷினில் நாலு நாள் ஆகும். அதனால் சுதாகர் என் கம்ப்யூட்டர் கடையில் இருந்த புது பென்டியம் ஃபோரில் செய்து எடுத்துப்போவான். அந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி விரதம் இருந்ததால், வேலையை என்னிடம் விட்டான்.

"பாவா, செட்டிங்ல ப்ராசசர் பென்டியம் டூன்னே இருக்கட்டும். ஃபோர்னு மாத்திட்டா அங்க ஓடாது."

"ஆங், எனக்குத் தெரியாதாடா."

எல்லாவற்றையும் டூ என்றே செய்தேன். சிவப்புப் பெட்டிக்கு மட்டும் ஃபோர் என்று மாற்றினேன். மொத்தமும் நின்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இது சத்தமில்லாமல் நின்றுபோகும், பெட்டி வராது, அவ்வளவுதான். என்றைக்காவது டாக்டர் முன்னால் அவன் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன்.

கிருத்திகையன்று சுதாகர் காவடியோடு மலைமேல் இருந்தான். நர்ஸ் அம்சா என் கடைக்குப் போன் செய்தாள்.

"சார், அம்மையார்குப்பம் கோமளவல்லின்னு ஒருத்தங்க, கால்ல ஆணி குத்திக்கினு வந்துகீறாங்க. டாக்டர் பென்சிலின் எழுதிகீறாரு. பெட்டி வரல. ஆனா அந்தம்மா ஏதோ ஊசி ஒத்துக்காதுன்னு சொல்லிகினு இருக்குது. மிஷின் சரியா கீதா? போடலாமா?"

அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஊசி ஒத்துக்கொள்ளாமல் சாகக் கிடந்து பிழைத்தெழுந்தவள். 'பென்சிலின் ஆகாது' என்று அவள் பெயருக்கு நேரே தட்டச்சு செய்தவன் நான்தான்.

"பெட்டி வரலன்னா போடலாம்மா" என்றேன்.

ஊசி போட்ட பத்து நிமிஷத்தில் கோமளவல்லி செத்துப்போனாள். தன்னால்தான் என்று சுதாகர் ஆறு மாதமாக அழுகிறான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பெட்டி வராவிட்டால் ஊசி போடலாம் என்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம், ஐயா. நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை.