கடைசி வாரத்து அட்டை

"வசுமதி செத்துட்டா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

செகந்திராபாத்திலிருந்து ஏ.எஸ்.ராவ் நகர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் கணவரிடம் சொன்னாள். யாரோ உறவு என்று நினைத்தேன். அவள் மடியில் பழைய வாரப் பத்திரிகை ஒன்று விரிந்திருந்தது.

"அந்தத் தொடர்கதையா?"

"ஆமா. அப்பா வாராவாரம் கிழிச்சு பைண்டு பண்ணினாரே, அதுல இந்தக் கடைசி வாரம் மட்டும் இல்ல. டிரான்ஸ்ஃபர்ல இங்க வந்தப்ப விட்டுப்போச்சு. அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்னு முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கார்."

"நான் அட்டைப் படத்துக்காகத்தான் வாங்கினேன். உள்ள பார்க்கவே இல்ல."

"வீட்ல வச்சா எடுத்துப் படிச்சிடுவார்."

அவர் பத்திரிகையை வாங்கி, நகத்தால் பின்களை மெதுவாக நிமிர்த்தினார்.

"என்ன பண்றீங்க? அட்டை தனியா வந்தா மதிப்பே போச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சொல்வேன்தான்." உள்தாள்களை அவளிடம் நீட்டினார். "இதை உன் பையில வை. மாமாகிட்ட அட்டையை மட்டும் காட்டறேன்."

"அதைப் பார்த்து என்ன தெரியும் அவருக்கு?"

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"மாலையும் கழுத்துமா நிக்கறாளே."