நீல அட்டையில் எழுதியிருந்தது

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் தெல்வோ அவர்களே, பங்குத்தந்தை கலோன்ஜி அவர்களே, சக டாக்டர்களே, நர்ஸ்களே, வெஸ்திர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து மழையில் பஸ் பிடித்து வந்திருப்பவர்களே, கழுத்தில் சின்னத் தழும்போடு இந்த மண்டபத்தின் முன்வரிசைகளை நிரப்பியிருக்கும் எங்கள் நோயாளிகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஹ்யூபேர் வில்கின். அறுவை மருத்துவன். இன்று நாம் அஞ்சலி செலுத்தும் மயக்க மருத்துவர் ஆர்லெத் தெத்தியே அவர்களோடு பதினான்கு ஆண்டுகள் ஒரே மேசையருகே நின்றவன். நோயாளியின் தலைமாட்டில் அவர் இருப்பார், கழுத்தருகே கத்தியோடு நான் இருப்பேன்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் காப்பியும் அரிசி தார்ட் இனிப்பும் காத்திருக்கின்றன என்பதும் தெரியும். காப்பி ஆறினால் ஆறட்டும்.

எனக்கு முன் பேசிய இயக்குநர், ஆர்லெத்தை முன்னோடி என்றார். நம் மருத்துவமனையின் பெருமை என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஐயா, அந்தப் பெருமையை இரண்டு வருடமாக எங்கே பூட்டி வைத்திருந்தீர்கள்? "ஹிப்னாஸிஸ் முறைக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை, எனவே நிறுத்தப்படுகிறது" என்று கையெழுத்திட்டது யாருடைய பேனா? நாலாம் நம்பர் அறுவை அறையில் இப்போது என்ன இருக்கிறது? அட்டைப்பெட்டிகள்! ஆர்லெத் கேட்டது அந்தச் சின்ன அறையைத்தான். நாம் கொடுத்திருப்பதோ அதைவிடப் பெரிய மலர்வளையம்.

நாற்காலியில் நெளியாதீர்கள் ஐயா. உங்களைவிடக் கேவலமான ஒருவனைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன்.

ஹிப்னாஸிஸ் உண்மையா, பித்தலாட்டமா? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான்தான், அதுவும் எல்லோர் முன்னாலும். முழு மயக்கம் கொடுக்காமல், கழுத்து மரத்துப்போக ஓர் ஊசி, கையில் கொஞ்சம் மருந்து, மற்றதெல்லாம் தன் குரல் என்று ஆர்லெத் வந்து நின்ற முதல் நாள் அது.

"ஏங்க, இது ஆஸ்பத்திரியா, திருவிழாக் கூடாரமா? சந்தையில கோழியத் தூங்கவைக்கிறவன்கூட இதத்தானே பண்றான்?" என்றேன்.

"வாய மூடிட்டுக் கையக் கழுவுங்க டாக்டர். முடிஞ்சதும் கோழிகிட்டயே கேட்டுக்கலாம்" என்றார் ஆர்லெத்.

அன்றைய நோயாளி லம்பேர், லாரி ஓட்டுநர். அதோ, நாலாவது வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். கழுத்தைத் திறந்து தைராய்டில் பாதியை எடுத்தேன். ஒன்றரை மணி நேரம். ஆர்லெத்தின் குரல் அவரைச் சைக்கிளில் ஏற்றி ஊர் சுற்றவைத்தது; மனிதர் முகம் சுளிக்கவில்லை, நாடித்துடிப்பு ஏறவில்லை. தையல் போட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து என்ன கேட்டார் தெரியுமா? "அதுக்குள்ளயா? நான் இன்னும் சைக்கிள விட்டு எறங்கவே இல்லையே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம் படித்ததை ஒரு குரல் கேலி செய்தால் கோபம் வராதா? எண்களைப் பார்த்தேன். அவருடைய நோயாளிகளுக்கு மருந்து குறைவாகப் போதுமாயிருந்தது, வாந்தி குறைந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். எல்லோருக்கும் இது பலிக்காது என்பதை எனக்கு முன்பே அவர்தான் சொன்னார். "சிலருக்கு வராது. வரலன்னா மருந்து தருவேன். இதுல எனக்கு என்ன வீம்பு?" ஏமாற்றுக்காரர் எவராவது இப்படிப் பேசுவாரா?

அறிவியல்காரன் நான் இப்படி இருந்தால், ஆன்மிகக்காரர் சும்மா இருப்பாரா? தந்தை கலோன்ஜி அவர்கள் ஒரு நாள் நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"மகளே, அடுத்தவங்க ஆன்மாவுக்குள்ள யாரக் கேட்டு நுழையறீங்க?"

"நுழையறதே இல்ல ஃபாதர். வாசல்ல நின்னு கேக்கறேன். அவங்க எங்க கூப்பிடறாங்களோ, அங்க கூடப் போறேன். அவ்வளவுதான்."

"அப்ப இதுவும் ஒரு ஜெபம்னு சொல்றீங்களா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா உங்க பிரசங்கத்துல தூங்கறவங்க எல்லாம் என் மேசையில முழிச்சுதான் இருக்காங்க."

தந்தை, நீங்கள் அன்று சிரித்த சிரிப்பு நடைக்கூடம் முழுக்கக் கேட்டது. மறுமாதம் நீங்களே அந்த மேசையில் படுத்தீர்கள். ஆர்லெத் கடவுளை நம்பினாரா என்று பதினான்கு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மனிதர் நம்பிச் சொன்னதை அவர் எப்படிக் காத்தார் என்பது தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீல அட்டையைப் பற்றி நர்ஸ்களுக்குத் தெரியும். அறுவைக்கு முந்தைய வாரம் நோயாளியோடு உட்கார்ந்து ஆர்லெத் கேட்பார்: "உங்களுக்குப் புடிச்ச இடம் எது? அங்க என்ன வாசன? யார் இருக்காங்க? எதப் பத்திப் பேசக் கூடாது?" பதிலை நீல அட்டையில் எழுதுவார். அறுவை நாள் காலை அந்த அட்டை நாலாம் அறையின் கதவில் தொங்கும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே போனபின் அவர் ஒருவர்தான் பேசலாம். எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும்.

ஊரை ஆறு கொண்டுபோன அந்த ஜூலைக்குப் பின் வந்த மார்ச் மாதம். மதாம் யோலாந்த் மேசையில் இருந்தார். வெள்ளத்தில் அவருடைய கணவர் நிலவறைக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. அது அட்டையைப் படித்தவர்களுக்குத் தெரியும். நான் படிக்கவில்லை. நடந்துகொண்டே கையெழுத்தை மட்டும் கிறுக்கினேன். பதினான்கு வருடத்துப் பழக்கம், பதினான்கு வருடத்துத் திமிர்!

வேலை பாதி ஆகியிருந்தது. மருந்துக் குழாயில் ஏதோ அடைப்பு. ஆர்லெத் குனிந்து அதைச் சரிசெய்தார். அரை நிமிடம் அவர் குரல் இல்லை. அந்த அரை நிமிடத்தில் எனக்குள் ஒரு கோமாளி எழுந்தான். இது என்ன பெரிய வித்தை, எனக்கும் வருமே என்று நினைத்தான். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"நல்லா இருக்கீங்க மதாம். ஆத்தங்கரையில உக்காந்திருக்கீங்க. தண்ணி சலசலன்னு ஓடுது."

அடுத்த நொடி அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறினார். கைகளால் காற்றைத் துழாவினார். திறந்த கழுத்தோடு எழ முயன்றார். என் கத்தி விலகியது. குரல் நரம்பு அறுந்தது. ஆர்லெத் அவர் நெற்றியில் கை வைத்து, "தோட்டத்துக்கு வந்துட்டோம் யோலாந்த், காஞ்ச தரை, காஞ்ச துணி" என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் உயிரைக் காப்பாற்றினோம்.

விசாரணை நடந்தது. ஆர்லெத் சொன்னது ஒரே வாக்கியம்: "தப்பான வார்த்த ஒண்ணு சொல்லப்பட்டது." யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? "நோயாளி திடீரென்று விழித்துக்கொண்டார்." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதையும் படிக்காமல்தான் போட்டேன் என்று சொல்ல ஆசை. இல்லை, இரண்டு முறை படித்தேன்.

மதாம் யோலாந்தை ஏன் விசாரிக்கவில்லை? ஹிப்னாஸிஸில் இருந்தவரின் நினைவு நம்பத்தக்கதல்ல என்றார்கள். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! ஹிப்னாஸிஸ் பொய் என்று அறிக்கை எழுதினோம். அந்தப் பொய்யில் இருந்தவர் என்பதற்காகவே ஒரு பெண்ணின் வாயை அடைத்தோம்! என் ஒரு வார்த்தையால் உலர்ந்த அறையில், அத்தனை விளக்கு வெளிச்சத்தில், ஒரு பெண் தண்ணீரில் மூழ்கினார். அதற்குப் பிறகும் வார்த்தைக்கு வலிமை உண்டு என்பதற்கு ஆதாரம் போதாதாம்! இதைவிடப் பெரிய ஆதாரத்தை எந்தச் சோதனைக்கூடம் கொடுக்கும்?

நடைக்கூடத்தில் ஆர்லெத் என்னை நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க ஹ்யூபேர். நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னாத்தான் உண்மை. காத்திருக்கேன்." இரண்டு வருடம் காத்திருந்தார். அவரைத் தூக்கிப் போட்ட ஆவண அறையில் கோப்புகளுக்கு எண் ஒட்டிக்கொண்டே காத்திருந்தார். நான் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

பிறகு கணையத்தில் புற்றுநோய் வந்தது. போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மருந்து கேட்கவில்லை. "கொஞ்சம் பேசுங்க. எப்படின்னு பாத்திருக்கீங்கல்ல?" என்றார். இந்த முறை நான் கேட்டேன், "உங்களுக்குப் புடிச்ச இடம் எது ஆர்லெத்?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நாலாம் நம்பர் அறை. செவ்வாக்கிழமை காலையில. நீங்க எல்லாரும் வாயத் தொறக்காம இருக்கீங்க."

என்னால் ஒரு சொல் பேச முடியவில்லை. அவருக்குத் தேவையாயிருந்த ஒரே நேரத்தில் என் நாக்கு எழவில்லை. வலியோடுதான் போனார். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று அவர் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது இது. மதாம் யோலாந்தின் நீல அட்டை. "இத அன்னிக்கே காட்டியிருக்கலாமே! உங்க வேலை போயிருக்காதே!" என்று அழுதேன். "அது அவங்க என்னை நம்பிச் சொன்ன இடம். விசாரணைக்காரங்க மேசையில வைக்கறதுக்கு இல்ல" என்றார். தந்தை கலோன்ஜி அவர்களே, பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்தை இதைவிட யார் காத்துவிட முடியும்?

நேற்று முதல் முறையாக மதாம் யோலாந்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், நான் கெடுத்த அந்தக் கம்மிய குரலில் சொன்னார்: "யாரு சொன்னதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் டாக்டர். ஆர்லெத் அம்மா குரல் எனக்குத் தெரியாதா? என்னை யாரும் கேக்கவே இல்லையே." அட்டையை இங்கே உங்கள் முன் படிக்க அனுமதி கேட்டேன். தந்தார். படிக்கிறேன்:

"அக்கா வீட்டுப் பிளம்ஸ் தோட்டம். மதிய வெயில். கொடியில் துணி காய்கிறது. தண்ணீரைப் பற்றி யாரும் பேச வேண்டாம்." கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள். அதற்குக் கீழே என் கையெழுத்து.

இயக்குநர் அவர்களே, இதோ என் வாக்குமூலம். உங்கள் மலர்வளையத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இதன் நகல் இன்று காலை மருத்துவர் மன்றத்துக்குப் போய்விட்டது. என் உரிமத்தை அவர்கள் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த அட்டைப்பெட்டிகள் நாலாம் அறையிலிருந்து வெளியே போகும்வரை உங்கள் அலுவலக வாசலைவிட்டு நகர மாட்டேன். ஆர்லெத் பயிற்சி கொடுத்த மூன்று நர்ஸ்கள் இங்கே இருக்கிறார்கள். வேலை அவர்களுடையது. கதவைத் திறக்க வைப்பது என்னுடையது. இது அவர் பெயரால் நான் செய்யும் சத்தியம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அச்சிட்டிருக்கிறார்கள். மன்னியுங்கள், அது வேண்டாம். நாலாம் அறையில் அவர் கேட்ட மௌனத்தை நான் கொடுக்கவில்லை. விசாரணை அறையில் அவர் கேட்காத மௌனத்தைக் கொடுத்தேன். இனி ஒரு நிமிடம்கூட அவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

கழுத்தில் தழும்பு உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள். ஆர்லெத் உங்களோடு எந்த இடத்துக்கு வந்தார் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். இயக்குநர் எழுதிக்கொள்வார், அவரிடம் பேனா இருக்கிறது.

மதாம் யோலாந்த், உங்களை யாரும் கேட்கவில்லை என்றீர்களே. இப்போது கேட்கிறோம். நீங்கள் முதலில்.