கெபிக்குப் பின்னால்

— விளக்கை அணைச்சுடு, அக்கா.

— மாட்டேன்.

— அணை. இருக்கிறது உன்னோடது ஒண்ணுதான். என்னோடது தண்ணியில போயிடுச்சு.

— இருட்டுல என்னால உக்கார முடியாது, கிலியான். டேய், நிஜமா முடியாது. மூச்சு அடைக்குது.

— அடைக்கல. காத்து நிறைய இருக்கு. இந்தக் குகைக் கூடம் நம்ம ஊர்க் கோயிலைவிட உயரம். கையைக் குடு. ம், இப்ப அணை.

— மாதாவே.

— பாத்தியா, ஒண்ணும் ஆகல.

— நீ எங்க இருக்க?

— உன் கையைப் பிடிச்சுட்டு இருக்கேன். வேற எங்க போவேன்?

— அது என்ன சத்தம்?

— தண்ணி.

— வந்தப்ப இந்தச் சத்தம் இல்லையே.

— மலை மேல மழை பிடிச்சிருக்கும். சுண்ணாம்புப் பாறை, அக்கா. அங்க பெஞ்சா இங்க வந்துதான் கொட்டும்.

— மழை வராதுன்ன.

— ராத்திரிதான் வரும்னு சொன்னேன்.

— நாம தவழ்ந்து வந்தோமே, அந்தப் பொந்து?

— நிறைஞ்சுடுச்சு.

— முழுசாவா?

— கூரை வரைக்கும். தலையை உள்ள விட்டுப் பாத்தேன். அங்கதான் விளக்கு கழண்டு போச்சு.

— தலையை விட்டியா? என்கிட்ட பாத்துட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போன!

— பாத்துட்டுத்தானே வந்தேன்.

— பாவி. அம்பது வயசாகுது, இன்னும் அதே திமிரு.

— நாலஞ்சு மீட்டர்தான் இருக்கும். மூச்சைப் பிடிச்சுட்டு நான் அந்தப் பக்கம் போயிடலாம். போய் ஆளைக் கூட்டிட்டு…

— போகாத.

— கேளு அக்கா…

— நீ அந்தப் பக்கம் ஏறினியா, நடுவுல மாட்டினியான்னு எனக்கு எப்படிடா தெரியும்? இந்தக் கல்லு மேல உக்காந்து நான் எதைக் கேட்டுட்டு இருப்பேன்?

— சரி.

— சரின்னா?

— போகல. போக வேண்டிய அவசியமும் இல்ல. அண்ணன்கிட்ட ஆறு மணின்னு சொல்லியிருக்கேன். ஆறு மணிக்குள்ள வெளியே வந்துட்டோம்னு நாம சொல்லலைன்னா, வெண்டலின் அண்ணன் தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டுடுவான். குகைக்குள்ள போறவன் எவனும் யார்கிட்டயாவது சொல்லாம போகமாட்டான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. அவன் என்ன சொன்னான்?

— சரின்னான்.

— வேற யாருக்காவது தெரியுமா, நாம இங்க இருக்கிறது?

— வேற யாருக்குத் தெரியணும்? அண்ணன் ஒருத்தன் போதாதா?

— மே மாச ஜெபத்துக்கு வெளியே மாதா கெபிக்கு ஆளுங்க வருவாங்கல்ல? இங்கேயிருந்து கத்தினா?

— மழைன்னா கோயிலுக்குள்ளேயே வெச்சுடுவாங்க. கத்தினாலும் கேக்காது, போனும் எடுக்காது, நடுவுல அவ்வளவு பாறை.

— என் கார் நிக்குதே, கெபி வாசல்ல.

— கார் நின்னா மாதாவைக் கும்பிட யாரோ வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க. பின்னால இருக்கிற குகைக்குள்ள இந்த வயசுல அஃப்ரா அக்கா போயிருப்பான்னு எவனுக்குத் தோணும்?

— நான் எங்கடா வந்தேன்? நீதான் இழுத்துட்டு வந்த. சின்ன வயசுல அப்பா சொன்ன, பாறையில தானா உருவான கல் மாதா, ஒரு தடவை பாத்துடு, அரை மணியில திரும்பிடலாம்னு.

— பாத்தியா இல்லையா?

— பாத்தேன். எனக்கு மாதாவாத் தெரியல. கூன் விழுந்த பாதிரியார் மாதிரி இருக்கு.

— அட, சிரிக்கிற.

— சிரிக்கல. பல்லு அடிச்சுக்குது. என் பையில மெழுகுவத்தி இருக்கு. ஏத்தலாமா?

— அது எப்படி வந்துது?

— கெபியில ஏத்த, கண்ணாடிக் குவளையில வெச்சது ரெண்டு வாங்கினேன். ஒண்ணை ஏத்திட்டேன். இன்னொண்ணு, முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா.

— மாதாகிட்டேயே முன்பணம், பின்பணமா?

— வாயை மூடிட்டுத் தீப்பெட்டியைத் தேடு. பக்கவாட்டுப் பையில… அப்பாடா. உன் முகத்தைப் பாத்தாச்சு. நெத்தியில ரத்தம்!

— கீறல்தான். இப்படிக் குடு. தண்ணி ஓரமா அந்தக் கல்லு மேல வைக்கறேன். எவ்வளவு ஏறுதுன்னு தெரியும்.

— அங்க வேண்டாம்.

— தெரியணும் அக்கா.

— எனக்குத் தெரிய வேண்டாம்.

— வெச்சாச்சு. ரொட்டி இருக்கா?

— இந்தா. ஈரல் விழுது தடவினது. நீயே ரெண்டையும் தின்னு, எனக்கு இறங்காது.

— தின்னணும். உடம்புல சூடு வேணும். கடி.

— கிலியான்.

— ம்?

— வத்தி ஆடுது.

— காத்துக்கு.

— காத்து எங்க அடிக்குது? தண்ணி தொடுதுடா. பாரு, கண்ணாடியைத் தொடுது… ஐயோ.

— அணைஞ்சுடுச்சு. சரி. பயப்படாத. உன் விளக்கைப் போடு. எழுந்திரு, அந்த மேல் பாறைத்திட்டுக்குப் போயிடுவோம்.

— என் முட்டி…

— நான் கீழேயிருந்து தள்ளறேன். காலை அந்த வெடிப்புல வை. அங்க இல்ல, இடது பக்கம். தள்ளட்டுமா? ஒண்ணு, ரெண்டு…

— அம்மா!

— ஏறிட்ட. அவ்வளவுதான். நகரு, நானும் வரேன்.

— இதுக்கு மேல இடம் இருக்கா?

— இருக்கு.

— பொய் சொல்லாத.

— கொஞ்சம் இருக்கு. விளக்கை அணை.

— அது ஏறுற சத்தத்தை இருட்டுல கேக்கணுமா? சரி, அணைச்சுட்டேன்.

— அக்கா, நான் போயே ஆகணும். பொந்துல நீரோட்டம் இன்னும் வேகமா வந்துட்டா அப்புறம் யாராலும் போக முடியாது.

— அண்ணன் வருவான்னு சொன்னியே?

— வருவான். அதுக்குள்ள…

— வர்றவன் வரட்டும்னு உக்காந்திருக்காம ஏன் பறக்கற? ஆறு மணி ஆகலையா இன்னும்?

— ஆகியிருக்கும்.

— அப்போ வந்துட்டு இருப்பாங்க. நீதானே சொன்ன?

— ஆமா.

— ஆமான்னு ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்ற?

— குளிருது, அக்கா. நீ ஏன் அழற?

— போ.

— என்ன?

— போறதுன்னா போ. மூச்சைப் பிடிச்சுட்டுப் போ. நான் இங்கேயே ஜெபமாலை சொல்லிட்டு இருக்கேன். அண்ணன் வரமாட்டான்.

— ஏன் வரமாட்டான்?

— திட்டாத.

— ஏன் அக்கா?

— போன வருஷம் நீ என்ன பண்ணின? மலைக்குகையிலேருந்து வெளியே வந்தே, நேரா மீன் கடையில போய் உக்காந்துட்ட. வறுத்த மீனும் பீரும். அண்ணனுக்குச் சொல்ல மறந்தாச்சு. அவன் பதறிக் கூப்பிட்டு, மூணு ஊர்த் தீயணைப்பு வண்டியும் வந்து நின்னுது. உன்னை எங்க கண்டுபிடிச்சாங்க?

— ரெண்டாவது பீர்ல.

— பிப்ரவரி வேஷ ஊர்வலத்துல அண்ணன் மாதிரி மீசை ஒட்டி, ஒருத்தன் வண்டி மேல நின்னு மீனை ஆட்டினான். ஊரே சிரிச்சுது. அண்ணன் கோயிலுக்குக்கூட மூணு வாரம் வரல.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— இந்தத் தடவையும் நீ மறந்துடுவன்னு பயந்தேன். அதான் கெபியில மெழுகுவத்தி ஏத்தினப்போவே அண்ணனுக்கு அனுப்பிட்டேன்.

— என்னத்தை?

— ‘வெளியே வந்துட்டோம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.’

— உள்ள வர்றதுக்கு முன்னாடியேவா!

— அரை மணிதானேன்னு. அண்ணன் நிம்மதியா இருக்கட்டும்னு.

— ஐயோ அக்கா.

— கையை ஏன் விட்டுட்ட? கிலியான்? டேய், பக்கத்துலதானே இருக்க?

— இருக்கேன்.

— அடிக்கணும்னா அடி.

— அக்கா, நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல.

— எதை?

— குகைக்கு வர்றதை. எதையுமே.

— பொய். கார் பக்கத்துல நின்னு பேசினியே. கையை ஆட்டி ஆட்டிப் பேசின.

— சும்மா காதுல வெச்சுட்டு நின்னேன். ஊர்வலத்துக்கு அப்புறம் அவன் சொன்னான், இனிமே குகைக்குப் போறேன்னு என்கிட்ட வந்து நிக்காதன்னு. மறுபடி போய்க் கேக்க மூஞ்சி இல்ல. அவன்கிட்ட சொன்ன மாதிரி காட்டலைன்னா நீ உள்ள வந்திருக்கமாட்ட.

— அப்போ… யாருக்குமே தெரியாது. கிலியான், நாம இங்க இருக்கிறது உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

— அழாத. இரு. செய்தியில இடத்தோட பேர் போட்டியா?

— இல்லையே. அவனுக்குத்தான் தெரியுமேன்னு… டேய், எங்க போற? தண்ணியில இறங்காத!

— இறங்கல. உன் பக்கத்துல உக்கார்றேன், நகரு. அக்கா, அண்ணன் எப்பேர்ப்பட்ட ஆளு? கதவு பூட்டினோமான்னு பாக்க பாதி வழியில வண்டியைத் திருப்பற ஆளு. வீட்டுல சும்மா உக்காந்திருக்கான். திடீர்னு உன்கிட்டேயிருந்து ஒரு செய்தி, வெளியே வந்துட்டோம், நல்லா இருக்கோம்னு. எதுலேயிருந்து வெளியே வந்தீங்கன்னு கேக்க, அப்போலேருந்து உன் போனுக்கு அடிச்சுட்டே இருப்பான். நீ எடுக்கலைன்னதும் தேடக் கிளம்பியிருப்பான், உன் கார் கெபி வாசல்லதானே நிக்குது.