கன்னி மாதக் கண்டம்

பொன்னேரி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு மீனவர்கள். 'கன்னி' என்றதும் காதைத் தீட்டினேன். என் ராசி, நல்ல சேதி வந்து நாளாயிற்று.

"சூரியன் கன்னிக்கு வந்துட்டான் மாமா. இந்த மாசம் எனக்குத் தண்ணில கண்டம்னு ஜோசியர் சொல்ட்டாரு."

"மீன் புடிக்கிறவனுக்கு வேற எங்கடா வரும், மொட்ட மாடியிலயா?"

"சிரிக்காத. இன்னிக்கு ஏரில வலை போடற மொறை என்னுது. நான் போவல, தம்பிய அனுப்பிட்டேன்."

"எந்தத் தம்பி?"

"எனக்கு இன்னா பத்து தம்பியா கீறான்? கூடப் பொறந்த ரெட்டைதான்."

மாமாவின் சிரிப்பு நின்றது. "அப்ப அவனுக்கும் அதே ஜாதகந்தானேடா?"

அவன் அவசரமாகப் போன் போட்டான். வெகுநேரம் அடித்தது.

"எடுத்துட்டான் மாமா," என்றான். "பேச மாட்றான். தண்ணி சத்தம் மட்டும் கேக்குது."