‘ஆளிருக்கா?’ என்று கேட்ட அக்காவுக்கு

கர்னல் என்னும் கணினியின் கருவறையைக் கண்ணிமைக்காமல் காத்தவரே! பிழையைக் கண்டால் பொங்கியும், பிழை செய்தவரைக் கண்டால் பொறுத்தும் பழகிய பெருந்தகையே! எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்தத்தான் கூடினோம், ஆனால் வயிற்றெரிச்சலோடு கூடியிருக்கிறோம். பொறுத்தருள்க.

முன்வரிசையில் இருக்கும் உங்கள் தம்பி பிள்ளைகள், “அத்தை ஆபீஸ்ல அப்படி என்னதான் பண்ணாங்க?” என்று கேட்கிறார்கள். கண்ணுங்களா, கேளுங்கள். கணினியின் நினைவகத்தை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிரலுக்கு எந்த இருக்கை என்று ஒதுக்குவது கர்னலின் வேலை. காலி என்று நம்பி ஒருவரை அமர்த்தப் போகும் இடத்தில், எவரும் எதிர்பாராத ஒருவர் முன்பே அமர்ந்திருந்தால்? எங்கள் பழைய கர்னல் பாராமலே அவர் மடிமேல் அடுத்தவரை உட்காரவைத்தது. அதைச் செய்த நிரல் வரிக்கு மேல் ‘இது நடக்காது’ என்று எழுதியவரின் குறிப்பு வேறு!

நடந்தது. எங்கள் கர்னலில் ஓடும் கருவியை வாங்கியிருந்த ஒரு மருத்துவமனையில், ஒரு படுக்கைக்காரரின் நாடித்துடிப்பு பக்கத்துப் படுக்கையின் திரையில் ஓடியது. “உக்காந்து டீ குடிக்கிற மனுஷனுக்கு நாடியே இல்லைன்னு காட்டுது, உங்க பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று செவிலியர் போனில் போட்ட போடு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. மெய்யாகவே நாடி தளர்ந்தவரின் திரையோ தேமே என்று ஒழுங்காய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்ததால் அவர் பிழைத்தார். எங்கள் கர்னலால் அல்ல!

அன்று மேலாளர் சொன்ன மருந்து: “அப்படி யாராவது இருந்தா மொத்த மெஷினையும் நிறுத்திடுங்க.”

“ஏங்க, சீட்டுல தெரியாத ஆள் இருந்தா பஸ்ஸையே கவுத்துடுவீங்களா?” என்றீர்கள் நீங்கள். கூடமே சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. இடம் கொடுக்குமுன் ‘ஆளிருக்கா?’ என்று கேட்கும் ஒரு சோதனையை எழுதினீர்கள். ஆளிருந்தால் அவரை மிதிக்காது. புதிதாய்க் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும். அந்தப் புதியவருக்காக அதுவரை பிடித்துவைத்த இடங்களையும் விடுவித்துவிடும். எதிர்பாராமல் வந்தவர் யாரென்று நாம் பிறகு தேட, கண்டதைப் பதிந்துவைக்கும். மற்றவர் பயணம் தடைபடாது. அன்று முதல் நீங்கள் ‘ஆளிருக்கா அக்கா’ ஆனீர்கள். கேன்டீன் நாற்காலியில்கூடக் கேட்காமல் உட்காராதவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்!

அத்தகையவருக்கு இந்த அலுவலகம் செய்யும் மரியாதையைப் பாருங்கள்: ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் கத்தரிக்கோல்! “அக்கா கிளம்பட்டும், அந்தச் சோதனையை எடுத்துடலாம், வேகம் கொஞ்சம் கூடும்” என்று போன வாரக் கூட்டத்தில் மொழிந்த மேலாளர் அவர்களே, மேடையில்தானே இருக்கிறீர்கள்? கைதட்டலைச் சற்றே நிறுத்திக் கேளுங்கள். கண்ணுக்கே தெரியாத வேகத்துக்காக ஒரு நோயாளியின் மடிமேல் இன்னொருவரை மறுபடி உட்காரவைப்பதா? வெட்கமாக இல்லையா? எங்களில் ஒருவராவது ஒப்புதல் தந்தால்தான் எந்த வரியையும் நீக்க முடியும். ஒருவரும் தரமாட்டோம்.

அக்கா, நோய்நொடி இன்றி, முட்டிவலி இன்றி, நினைத்த நேரத்தில் தூங்கி, நினைத்த நேரத்தில் எழுந்து பல்லாண்டு வாழ்க! அந்தப் பழைய குறிப்பை நாங்கள் அழித்துவிடவில்லை. கொஞ்சம் நீட்டி, உங்கள் சோதனையின் தலைமேல் ஏற்றிவைத்திருக்கிறோம்: ‘இதை எடுப்பது நடக்காது.’

இங்ஙனம்,
ஒப்புதல் தர மறுக்கும்
கர்னல் பிரிவுத் தம்பிகள், தங்கைகள்