பழைய பேப்பர்க் கடைக்கு நடந்த துணைவேந்தருக்கு

இருபத்திரண்டு ஆண்டுகள் மாநகராட்சி ஆணையராய் இந்நகரின் குப்பையை அகற்றியும், ஒன்பது ஆண்டுகள் துணைவேந்தராய் எங்கள் கோப்புகளை அலசியும், இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாத பெருந்தகையீர்! வணக்கம்.

தாங்கள் இங்கே பொறுப்பேற்க வந்த நாளில், முன்னால் ஒரு காரில் தாங்களும் துணைவியாரும் வந்தீர்கள். பின்னால் இரண்டு லாரிகளில் தங்கள் காகிதங்கள் வந்தன. வரைபடங்கள், மனுக்கள், கூட்டக் குறிப்புகள், தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரே பெரியவர் எழுதிய நூற்றுப்பதினேழு கடிதங்கள்! அவற்றுக்கு எங்கள் தேநீர் அறையை ஒதுக்கினீர்கள். முகம் மலர்ந்து கைதட்டினோம். வயிறு எரிந்ததை, தாங்கள் ஓய்வு பெறும் இந்த நல்ல நாளில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவேதான், நான்காம் ஆண்டில் தாங்கள் பத்து நாள் மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது, அலுவலகக் கண்காணிப்பாளர் தலைமையில் ஒரு துணிகரம் நிகழ்ந்தது. "கரையான் வந்துடும். ஐயா நல்லதுக்குத்தான் பண்றோம்" என்று அவர் சொல்ல, பழைய பேப்பர்க்காரர் எல்லாவற்றையும் ஏற்றிப் போனார். மறுநாளே அந்த அறையில் பால் பொங்கியது.

தாங்கள் திரும்புவதற்குள் மழை முந்திக்கொண்டது. நூலகக் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவு நீர், மணிக்கு ஒரு விரல் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் நூல்கள்! மாநகராட்சிப் பொறியாளர் கையைப் பிசைந்தார். "இங்க பழைய வடிகால் ஒண்ணு இருக்குங்க. மூடி எங்கன்னுதான் எங்க யாருக்கும் தெரியல."

பெட்டியோடு வந்து இறங்கிய தாங்கள் சொன்னீர்கள்: "வரைபடம் என்கிட்ட இருக்கு. மூணாவது அலமாரி, நீலக் கட்டு."

கண்காணிப்பாளர் மெல்ல முன்வந்து, "ஐயா, அந்த ரூம்ல இப்ப டீ போடுறோம்" என்றார்.

பொறுமையின் பேராழியே! தாங்கள் கத்தவில்லை. "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு தெருத் தண்ணீரில் இறங்கி நடந்தீர்கள். குடையோடு பின்னால் ஓடினோம்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நீலக் கட்டா? நல்ல தடிப் பேப்பராச்சே சார். நேத்தே பை ஒட்டியாச்சு."

ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் கோணிமேல் அமர்ந்து, மளிகைப் பைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்த அந்தக் காட்சியை எந்த ஓவியர் தீட்டுவார்! ஒன்றரை மணி நேரத்தில், ஏழு பைகளிலிருந்து ஒரு வடிகால் முழுமை பெற்றது. மூடி இருந்த இடமோ, தங்கள் பெயர் பொறித்த நூலக அடிக்கல்லுக்கு நேர் கீழே.

"கல்லை உடைங்க" என்றீர்கள்.

"ஐயா, உங்க பேரு..." என்று இழுத்தார் கண்காணிப்பாளர்.

"பேருக்கு நீச்சல் தெரியும். புத்தகத்துக்குத் தெரியாது. உடைங்கய்யா!"

மாலைக்குள் நீர் வடிந்தது. நூல்கள் பிழைத்தன. கண்காணிப்பாளர் ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார். வந்தது வேறு ஆணை: கடையிலிருந்து மீட்ட காகிதங்களை அவரே வகைப்படுத்தி, பட்டியலிட்டு, பாதுகாக்க வேண்டும். ஐந்தாண்டுகள் ஆகின்றன. இப்போது அவர் டீ கோப்பையோடு எங்களை அந்த அறை வாசற்படிகூட மிதிக்க விடுவதில்லை.

அந்தக் காகிதங்கள் இனி இப்பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். நேற்று துணைவியார் தொலைபேசியில் இட்ட கட்டளையும் அதுவே: "எல்லாம் அங்கயே இருக்கட்டும். அவரை மட்டும் வெறுங்கையோட அனுப்பி வைங்க. வாசல்ல பையைச் சோதிச்சிட்டுத்தான் உள்ள விடுவேன்."

உடல் நலம் குன்றாது, உள்ளம் சோராது, நூறு கடந்தும் தாங்கள் தழைத்து வாழ வேண்டுகிறோம். இந்த மடலைக் கண்ணாடியும் சட்டமும் போட்டுத் தருகிறோம். ஆணியில் மாட்டினால் இது காகிதக் கணக்கில் வராது என்று அம்மையாரிடம் சொல்லிப் பாருங்கள், ஐயா.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
துணைவேந்தர் அலுவலகப் பணியாளர்கள்