யாரும் இல்லையாம்

வெந்நீருக்கு நன்றி. என் தொண்டை கெட்டு வெகுநாளாகிறது. கத்துவதுதான் என் உத்தியோகம். நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்டால் நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்.

இந்த நகரம் வற்றிக்கொண்டே வருகிறது. ஆலை மூடியதும் இளையவர்கள் போனார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு பெரியவர்கள் போனார்கள். பிறகு பல் மருத்துவர் போனார். பல் மருத்துவரே போய்விட்டார் என்றால் ஊரில் இனிக் கடித்துத் தின்ன ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மிச்சம் இருப்பவை வீடுகள். எங்கள் அலுவலகம் அவற்றை இடித்துப் புல் விதைக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எவ்வளவு பசுமையான ஊர் என்கிறார்கள்.

இடிப்பதற்கு முன் உள்ளே ஆள் இல்லை என்று உறுதிசெய்வது என் பொறுப்பு. முன்பெல்லாம் அறை அறையாகப் போய்ப் பார்ப்போம். ஒரு மேற்பார்வையாளர் மாடித் தரையோடு சேர்ந்து சமையலறைக்கு இறங்கி வந்தார். அதிலிருந்து உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் நின்று மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் வீடு காலி. படித்தவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. பொக்லைன் ஓட்டுகிறவர் எனக்குக் குயிலம்மா என்று பெயர் வைத்தார்.

பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். அம்மா அக்காவைக் 'கண்ணு' என்பாள், என்னை 'ஏய்' என்பாள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நான்தான். கடைசி நாள் காலையில் 'கண்ணு' என்று கூப்பிட்டாள். போய் நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்து, "நீயா?" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அழுதுகொண்டே இதை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "நீயான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க, பாவம். கடைசியா இவ மூஞ்சியப் பாத்த அதிர்ச்சிதான்." துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு நகைச்சுவை நன்றாக வரும். நான் தேநீர்த் தம்ளரை அவள் பக்கமாகக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். அவள் நெற்றியில் தையல் போட்டார்கள்.

"இனிமே உன் குரலுக்கு நான் பதில் சொன்னா என் பேரை மாத்திக்கிறேன்டி," என்றாள்.

அவள் தன் பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. சிலிண்டர் போடுகிறவர், கணக்கெடுக்க வந்தவர், வழி தப்பி வந்தவர் என்று யார் கூப்பிட்டாலும் 'இதோ வந்துட்டேன்' என்று ஓடி வருவாள். எனக்கு மட்டும் அவள் செவிடு.

அம்மா வீட்டில் அவள்தான் இருந்தாள். அந்தத் தெருவில் குடியிருந்த கடைசி ஆள். ஒருத்திக்காகத் தெரு நீளத்துக்கும் தண்ணீரும் விளக்கும் போய்க்கொண்டிருந்தன. அலுவலகம் ஆற்றுக்கு அப்பால் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தது. சாமான்களோடு போனாள். எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு அக்கா மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். "சித்தி, அம்மா புது வீட்ல இருக்கறதே இல்ல. விடிஞ்சதும் பழைய வீட்டுக்குப் போய்ப் பின் ரூம்ல உக்காந்துக்கறாங்க. கேட்டா, லிஃப்டுல ஏறிப் போறதெல்லாம் ஒரு வீடான்னு சண்டைக்கு வர்றாங்க. இடிக்கற அன்னிக்கு மட்டும் நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க."

"கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்," என்றேன். பார்த்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவளைச் சமாதானப்படுத்த யாரையாவது அனுப்பியிருப்பார்கள். அவள் அவர்களை உட்காரவைத்து, அந்த 'நீயா' கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாள். பிறகு நான் அவர்களோடு எப்படி வேலை பார்ப்பது.

இடிக்கிற அன்று காலை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பொக்லைன்காரர் இரக்கப்பட்டார். "என்ன குயிலம்மா, காக்கா மாதிரி கரையறீங்க? நான் வேணா ஒரு குரல் குடுக்கட்டா?"

"அப்புறம் எனக்கு எதுக்குச் சம்பளம்? நீங்க உங்க வண்டியப் பாருங்க."

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆமாம், அவர் கூப்பிட்டிருந்தால் அக்கா வெளியே வந்திருப்பாள். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். வண்டிச் சத்தத்துக்கெல்லாம் அவள் எழுந்திருக்க மாட்டாள். அந்தத் தெருவில் அது தினமும் கேட்கிற சத்தம்.

வாசலில் நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறை, "அக்கா" என்றேன். விதியில் அப்படி இல்லை. அது என் பெருந்தன்மை.

அப்போது பின் அறையிலிருந்து குரல் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா ஒரு பூனை வளர்த்தாள். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம்தான் சொல்வாள்.

"வாசல்ல யாரோ கத்தறாங்க பாரு," என்றாள் அதனிடம். "வீட்ல யாரும் இல்லைன்னு போய்ச் சொல்லு."

பூனை வரவில்லை. நான் திரும்பிப் போய்ப் பொக்லைன்காரரிடம், "யாரும் இல்லையாம்," என்றேன்.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அது பொய். எனக்குப் பொய் வராது. 'இல்லையாம்' என்றேன். அவருக்கும் அது காதில் விழுந்தது. "இல்லையாமா? யாரு சொன்னா?" என்று சிரித்தார்.

"வீட்டுக்காரம்மாதான்," என்றேன்.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தபடியே நெம்புகோலைத் தள்ளினார். அவரை விட்டுவிடுங்கள், பாவம். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம்.

அக்காவுக்கு என்மேல் இருந்த ஒரே குறை, நான் அவள் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்பது. அன்று ஒரே ஒரு நாள் கேட்டேன். அதற்கும் எனக்குக் கெட்ட பெயர்தான்.